கடைவாசலும் கைப்பேசியும்

(நம் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டி நடைபெற்ற சிறு வணிகர் வழிகாட்டல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

‘சமூக ஊடகங்களின் வழியே வணிகத்தை வளர்ப்பது எப்படி?’ என்பது நமக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு. இதைப் பேசக் கணினி கற்ற இளைஞர் ஒருவரை அழைத்திருக்கலாமே என்று நிர்வாகக் குழுவினரிடம் கேட்டோம். “எங்கே அழுத்த வேண்டும் என்று இளைஞர்கள் சொல்வார்கள். அழுத்தியதால் கல்லாவில் என்ன விழுந்தது என்பதைக் கடைக்காரர்தாம் சொல்ல வேண்டும்” என்றார்கள். அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டு உங்கள் முன் நிற்கிறோம்.

தந்தையார் தொடங்கிய ஜவுளிக்கடையை நாங்கள் சகோதரர்கள் இருவரும் நடத்தி வருகிறோம். இன்று நாங்கள் சொல்லப்போவன அனைத்தும் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் அமர்ந்து கற்றவை. அவற்றுள் சில, இழந்து கற்றவை. இழந்ததையும் மறைக்காமல் சொல்வதே இந்த அவைக்குப் பயன் தரும் என்று நம்புகிறோம்.

வாடிக்கையாளர் வரும் வழி மாறிவிட்டது

முன்பெல்லாம் நோன்பு இருபது பிறந்துவிட்டால் நம் கடைத்தெருவில் கால் வைக்க இடமிராது. தராவீஹ் முடிந்த பின் தொடங்கும் வணிகம் ஸஹர் நேரம் வரை நடக்கும். இன்றும் மக்கள் வருகிறார்கள். ஆனால் கையில் ஒரு படத்தோடு வருகிறார்கள். கைப்பேசியை நீட்டி, “இதேபோல் இருக்கிறதா? அங்கே இன்ன விலை போட்டிருக்கிறார்கள்” என்று கேட்கிறார்கள். கடைத்தெருவுக்கு வருவதற்கு முன்பே கடைத்தெரு முழுவதையும் கைப்பேசியில் ஒரு சுற்று சுற்றி வந்துவிடுகிறார்கள். அந்தச் சுற்றில் நம் கடை அவர்கள் கண்ணில் படவில்லையென்றால், நாம் கடை திறந்து வைத்திருந்தும் அவர்களுக்கு அது சாத்திய கடைதான்.

ஆகவே, இந்த ஊடகங்கள் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்திற்கு இப்போது இடமில்லை. எதை எதற்குப் பயன்படுத்துவது, எவ்வளவு நம்புவது என்பதே கேள்வி.

எது எதற்கு?

முகநூல் 2004ஆம் ஆண்டிலும், யூடியூப் 2005ஆம் ஆண்டிலும், வாட்ஸ்அப் 2009ஆம் ஆண்டிலும், இன்ஸ்டாகிராம் 2010ஆம் ஆண்டிலும் தோன்றின. எல்லாவற்றிலும் ஒரே நாளில் கணக்குத் தொடங்கி, ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் கைவிடுவதே நம்மில் பலர் செய்யும் முதற்பிழை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்கு உரியது.

முதலாவது, கூகுள் வரைபடம். இதைச் சமூக ஊடகம் என்று பலர் எண்ணுவதில்லை. ஆனால் கடை வைத்திருப்பவர் தொடங்க வேண்டிய இடம் இதுவே. கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்ற பெயரில் நம் கடையின் பெயர், இடம், தொலைபேசி எண், திறந்திருக்கும் நேரம், படங்கள் ஆகியவற்றைக் கட்டணமின்றிப் பதியலாம். வெளியூரிலிருந்து வரும் ஒருவர் ‘அருகில் உள்ள தையற்கடை’ என்று தேடும்போது, பதிந்தவர் கடைதான் அங்கே தெரியும்.

இங்கே எங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பதிந்தபோது எல்லா நாளும் காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பதரை வரை என்று போட்டுவிட்டோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக நாம் கடை சாத்துவது நம் ஊரில் அனைவருக்கும் தெரியும். வரைபடத்தைப் பார்த்து வருபவருக்குத் தெரியுமா? நாற்பது கிலோமீட்டர் பயணம் செய்து, கைக்குழந்தையோடு வந்த ஒரு குடும்பம் சாத்திய கதவின் முன் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பியது. மாலையில் எங்கள் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் விழுந்தது. அவர்கள்மீது எந்தக் குறையும் இல்லை. ஒரு நாளில் இரண்டு வேளைகளாகப் பிரித்து நேரத்தைப் பதிய அதிலேயே வழி இருக்கிறது. பெருநாள் விடுமுறையைத் தனியே குறிக்கவும் வழி இருக்கிறது. ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் விட்டது நாங்கள்தாம்.

இரண்டாவது, வாட்ஸ்அப். சிறு வணிகர்களுக்கென்றே ‘வாட்ஸ்அப் பிசினஸ்’ என்ற தனிச் செயலி 2018ஆம் ஆண்டு சனவரியில் வந்தது. பொருள்களின் படமும் விலையும் கொண்ட பட்டியலை அதில் அடுக்கி வைக்கும் வசதி 2019இல் சேர்ந்தது. கடை சாத்தியிருக்கும்போது தானாகவே பதில் அனுப்பவும், ‘பணம் வர வேண்டியது’, ‘அனுப்ப வேண்டியது’ என்று வாடிக்கையாளர்களைப் பிரித்து அடையாளமிட்டு வைக்கவும் முடியும். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியே சேர்ப்பிக்கும் ஒலிபரப்புப் பட்டியலும் இதில் உண்டு. ஆனால் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். யார் நம் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருக்கிறாரோ, அவருக்கே அந்தச் செய்தி போய்ச் சேரும். வாங்கியவரிடம் “எங்கள் எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள்” என்று ஒரு வார்த்தை கேட்டுப் பெறும் உரிமை அது. கேட்காமல் நூறு பேரைக் குழுவில் இழுத்துப்போட்டுக் காலையும் மாலையும் படங்களை அனுப்பினால், தூங்கும் நேரத்தில் வீட்டுக் கதவைத் தட்டும் வியாபாரியாகவே நம்மைக் கருதுவார்கள்.

மூன்றாவது, இன்ஸ்டாகிராமும் யூடியூபும். இவை நம்மை அறியாதவர்களிடம் நம்மைக் கொண்டு சேர்ப்பவை. துணி, காலணி, அணிகலன், உணவு எனக் கண்ணுக்கு விருந்தாகும் பொருள்களை விற்பவருக்கு இவை ஏற்றவை. மின்கம்பி வேலை, குளிர்சாதனப் பழுது, குழாய் வேலை செய்பவருக்கு வரைபடமும் வாட்ஸ்அப்பும் போதும். முகநூலில் நாற்பது வயதைக் கடந்தோரும் வெளிநாட்டில் வாழும் நம் உறவினர்களும் மிகுதியாக இருப்பதை நம் குடும்பங்களிலேயே காண்கிறோம். வீடு, மனை, திருமணச் சாமான்கள் போன்றவற்றிற்கு அது உதவும்.

இரண்டில் ஒழுங்காக இருப்பது ஐந்தில் அரைகுறையாக இருப்பதைவிட நன்று.

நாங்கள் விலைக்கு வாங்கிய கூட்டம்

தொடங்கிய புதிதில் எங்கள் இன்ஸ்டாகிராம் கணக்கை முந்நூறு பேர்தாம் பின்தொடர்ந்தார்கள். எதிர்க்கடைக்கு எட்டாயிரம் பேர் இருந்தார்கள். மனம் பொறுக்கவில்லை. ஒருவர் வந்து, சில ஆயிரம் ரூபாய் கொடுத்தால் பத்தாயிரம் பேரைச் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். கொடுத்தோம். மூன்றே நாளில் சேர்ந்தார்கள். பெயர்களைப் பார்த்தால் எந்த நாட்டவர் என்றே தெரியவில்லை. அவர்களில் ஒருவர்கூட ஒரு கைக்குட்டை வாங்கவில்லை.

அதைவிடப் பெரிய கேடு பின்னர்தான் புரிந்தது. நாம் ஒரு படம் போட்டால், அந்த ஊடகம் முதலில் நம்மைப் பின்தொடர்வோரில் சிலருக்குக் காட்டிப் பார்க்கும். அவர்கள் நின்று பார்த்தால், பிறருக்கு அனுப்பினால், சேமித்து வைத்தால், மேலும் பலருக்குக் காட்டும். உயிரில்லாத கணக்குகளுக்குக் காட்டினால் யார் நின்று பார்ப்பார்? ஆகவே உண்மையான முந்நூறு பேருக்குப் போய்ச் சேர வேண்டிய எங்கள் படங்கள், அந்தப் பொய்க்கூட்டத்தில் சிக்கி நின்றுவிட்டன. இறுதியில் அந்தக் கணக்கையே மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்கினோம். கூட்டத்தை விலைக்கு வாங்கிக் கடை முன் நிறுத்தினால், வாங்க வந்தவருக்கு வழி அடைபடும் என்பதே நாங்கள் பணம் கொடுத்துக் கற்ற பாடம்.

நாங்கள் இரவல் வாங்கிய படம்

பணம் போனது பெரிதன்று. அடுத்து நாங்கள் செய்த பிழைக்கு இன்றுவரை ஈடு கிடைக்கவில்லை.

பக்கத்து ஊரில் ஓர் ஆசிரியை. இருபது ஆண்டுகளாக எங்கள் கடையில் வாங்கி வந்தவர். மூத்த மகளின் திருமணத்திற்கு முன், எங்கள் வாட்ஸ்அப் நிலைச்செய்தியில் ஒரு பட்டுப்புடவையின் படத்தைப் பார்த்திருக்கிறார். அந்தப் படம் எங்கள் கடையில் எடுத்ததன்று. சரக்கு அனுப்பிய மொத்த வியாபாரி தந்தது. நல்ல விளக்கொளியில், நிறத்தைக் கூட்டி எடுத்த படம். அவர் மகளையும் அழைத்துக்கொண்டு பேருந்தேறி வந்தார். புடவையை எடுத்து விரித்தோம். நிறம் வேறு. சரிகையின் அகலமும் வேறு.

“படத்தில் இருந்தது எங்கே, தம்பி?” என்று கேட்டார். விளக்கு வெளிச்சத்தில் அப்படித் தெரிகிறது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தோம். அவர் கோபிக்கவில்லை. புடவையை மடித்து வைத்துவிட்டு, “பாய் இருந்த காலத்தில் பொட்டலத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கிப் போவோம், தம்பி” என்று மட்டும் சொன்னார். பாய் என்று அவர் சொன்னது எங்கள் தந்தையாரை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிச் சென்றார்.

எங்கள் தந்தையார் நாற்பது ஆண்டுகள் நின்றுகொண்டே சேர்த்து வைத்த நாணயத்தை, விரலால் ஒரு படத்தைத் தொட்டு அனுப்பிய ஒரு நொடியில் நாங்கள் செலவழித்துவிட்டோம். சமூக ஊடகத்தைப் பற்றி எங்களுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வோம்: கைப்பேசி கடையன்று, கடையின் வாசல். வாசலில் காட்டிய சரக்கே உள்ளேயும் இருக்க வேண்டும்.

அதன் பிறகு ஒரு விதி வகுத்துக்கொண்டோம். எங்கள் கையில் இல்லாத சரக்கின் படத்தைப் போடுவதில்லை. படத்தைக் கடைவாசலில், பகல் வெளிச்சத்தில் எடுக்கிறோம். நிறத்தைக் கூட்டும் கருவிகளைத் தொடுவதில்லை. துணியின்மீது அளவுநாடாவை வைத்து எடுக்கிறோம். நெசவில் சிறு குறை இருந்தால் அதையும் அருகிலிருந்து எடுத்துக் காட்டி, அதற்கேற்ப விலையைக் குறைத்துச் சொல்கிறோம். குறையைக் காட்டிய படங்களுக்குத்தான் கேள்விகள் அதிகம் வருகின்றன. குறையைச் சொல்பவன் நிறையையும் பொய்யாகச் சொல்லமாட்டான் என்று மக்கள் கருதுகிறார்கள் போலும்.

விலையை ஒளிக்காதீர்கள்

இணையத்தில் விற்பவர் பலரிடம் ஒரு பழக்கம் காண்கிறோம். அழகான படம் இருக்கும். கீழே ‘விலைக்கு இன்பாக்ஸ் வரவும்’ என்று இருக்கும். கேட்பவரின் தோற்றத்தையும் ஊரையும் பார்த்து விலை சொல்லலாம் என்ற எண்ணம் சிலருக்கு. போட்டிக் கடைக்காரர் பார்த்துவிடுவாரே என்ற அச்சம் சிலருக்கு. போட்டிக் கடைக்காரர் எப்படியும் தெரிந்துகொள்வார். கேட்கக் கூச்சப்படும் நல்ல வாடிக்கையாளர்தாம் போய்விடுவார்.

பட்டினப்பாலை என்னும் சங்க நூல், காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் போற்றும்போது, அவர்கள் ஈட்டிய செல்வத்தோடு வெளிப்படையாகச் சொல்லி விற்ற நேர்மையையும் பாடுகிறது. இன்றைய சட்டமும் அதையே கேட்கிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், விற்பவர் வரி, அனுப்புகூலி உள்ளிட்ட மொத்த விலையைத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. பொருளின் விலை, அனுப்புகூலி, எத்தனை நாளில் சேரும், திருப்பித் தர முடியுமா என்ற நான்கையும் படத்தின் கீழேயே எழுதிவிடுங்கள். நாளொன்றுக்கு ஐம்பது முறை ஒரே பதிலைத் தட்டச்சு செய்யும் வேலையும் மிச்சமாகும்.

எதைக் காட்டுவது?

“தினமும் எதைப் போடுவது?” என்று பலர் கேட்கிறார்கள். வேலையைக் காட்டுங்கள் என்பதே எங்கள் பதில்.

பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்வோம். புவிசார் குறியீடு பெற்ற பொருள். நம் சமுதாயப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக நெய்து வருவது. விலையைக் கேட்டவுடன் “ஒரு பாய்க்கா இவ்வளவு?” என்று விலகுவோர் உண்டு. கோரையை நூலிழை போல் மெல்லியதாகப் பிளப்பதையும், நீரில் ஊறவைத்துச் சாயமேற்றுவதையும், இழை இழையாகக் கோத்து நெய்வதையும் ஒரு நிமிடப் படமாகக் காட்டினால், பார்த்தவர் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார். விளம்பர வாசகம் பத்து எழுதினாலும் இந்த ஒரு நிமிடத்திற்கு ஈடாகாது. தையற்காரர் பொத்தான்துளை கட்டுவதையும், ரொட்டிக்கடைக்காரர் அதிகாலையில் அடுப்பு மூட்டுவதையும், அத்தர் விற்பவர் ஒரு மணத்திற்கும் இன்னொன்றிற்கும் உள்ள வேறுபாட்டையும் காட்டலாம்.

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு குடும்பத்தார் 2018ஆம் ஆண்டில் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ என்னும் யூடியூப் அலைவரிசையைத் தொடங்கினார்கள். ஒரு தாத்தாவும் பேரன்மாரும் வயல்வெளியில் பெரிய பாத்திரங்களில் சமைக்கிறார்கள். அம்மியில் அரைப்பது முதல் இலையில் பரிமாறுவது வரை காட்டுகிறார்கள். சமைத்ததை மற்றவர்களுக்குக் கொடுக்கிறார்கள். 2021ஆம் ஆண்டில் அவர்களைப் பின்தொடர்வோர் ஒரு கோடியைக் கடந்தனர். தமிழ் யூடியூப் அலைவரிசைகளில் அந்த எண்ணிக்கையை முதலில் எட்டியது அதுவே. தமக்குத் தெரிந்த ஒன்றைத் தம் ஊரிலேயே இருந்து இடைவிடாமல் செய்தார்கள். நம் அனைவருக்கும் ஒரு கோடிப் பேர் தேவையில்லை. நம் வட்டாரத்தில் ஓராயிரம் குடும்பங்கள் நம்மை நினைவில் வைத்தால் போதும். ஆனால் இடைவிடாமை என்ற பாடம் நமக்கும் பொருந்தும். வாரத்திற்கு மூன்று என்றால் மூன்று. ஆண்டு முழுவதும் மூன்று.

வாடகை இடத்தில் கட்டிய வீடு

அடுத்து, இளைஞர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று. இந்த ஊடகங்களில் நாம் சேர்க்கும் கூட்டம் நமக்குச் சொந்தமானதன்று.

ஆர்குட் என்றொரு தளம் இருந்ததை நம்மில் சிலர் மறந்திருக்கமாட்டோம். அது 2014ஆம் ஆண்டில் மூடப்பட்டது. டிக்டாக் செயலியில் தமிழகத்தில் எத்தனையோ பேர் இலட்சக்கணக்கில் பார்வையாளர்களைச் சேர்த்திருந்தார்கள். 2020ஆம் ஆண்டு சூன் 29ஆம் நாள் இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது அதுவும் அவற்றுள் ஒன்றாக நின்றுபோனது. முகநூல் நிறுவனம் இன்ஸ்டாகிராமை 2012இலும் வாட்ஸ்அப்பை 2014இலும் வாங்கிவிட்டதால், இன்று இம்மூன்றும் மெட்டா என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. 2021ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் இரவு இம்மூன்றும் ஒரே நேரத்தில் முடங்கின. ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் இயங்கவில்லை. வாட்ஸ்அப்பில் மட்டுமே ஆர்டர் பெற்று வந்தவர்களுக்கு அன்றிரவு கடையே காணாமற்போனது போலிருந்தது.

ஆகவே கணக்குப் புத்தகத்தை மறந்துவிடாதீர்கள். வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி எண், அளவு, விருப்பமான நிறம், கடைசியாக வாங்கியது ஆகியவற்றை அவர் இசைவோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டை எந்த நிறுவனமும் மூட முடியாது. அதில் உள்ள எண்கள் அமானிதம். பிறருக்குக் கொடுப்பதோ விற்பதோ கூடாது.

விளம்பரச் செலவுக்குக் கணக்கு

பணம் கட்டி விளம்பரம் செய்யலாமா? செய்யலாம். கடையைச் சுற்றிப் பதினைந்து, இருபது கிலோமீட்டருக்குள் இருப்பவருக்கு மட்டும், குறிப்பிட்ட வயதினருக்கு மட்டும் காட்டும்படி அமைக்க முடியும். ஆனால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணில் மயங்கிவிடக் கூடாது.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் போடுவோம். விளம்பரத்திற்கு ரூ. 1,000; அதன்மேல் 18 விழுக்காடு வரி; மொத்தம் ரூ. 1,180. பதினைந்தாயிரம் பேர் பார்த்தார்கள். நாற்பது பேர் விசாரித்தார்கள். ஆறு பேர் வாங்கினார்கள். ஒருவரிடம் நின்ற இலாபம் ரூ. 150 என்றால், ஆறு பேருக்கு ரூ. 900. நட்டம் ரூ. 280. பதினைந்தாயிரம் என்ற எண்ணைப் பார்த்து மகிழ்ந்தவர் இந்த நட்டத்தைப் பார்க்கமாட்டார். ஆனால் அந்த ஆறு பேரில் இருவர் மனம் நிறைந்து அடுத்த பெருநாளுக்கும் வந்தால் இன்னும் ரூ. 300 சேரும், செலவு கழிந்து கையில் ரூ. 20 நிற்கும். முதல் விற்பனை விளம்பரத்தால் நடக்கும். இரண்டாம் விற்பனை சரக்காலும் நம் நடத்தையாலும்தான் நடக்கும். இலாபம் அந்த இரண்டாம் விற்பனையில்தான் இருக்கிறது.

வருபவர் ஒவ்வொருவரிடமும் “எங்களை எப்படி அறிந்தீர்கள்?” என்று கேட்டு ஒரு கோடு போட்டு வையுங்கள். மாதக் கடைசியில் அந்தக் கோடுகளை எண்ணினால், எந்தச் செலவு வீண் என்று தெரிந்துவிடும்.

பொய் நற்சான்றும் சட்டமும்

கடைப் பையன்களையும் உறவினர்களையும் கொண்டு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்வதும், போட்டிக் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போடச் சொல்வதும் நம் கடைத்தெருவிலும் நடப்பதாகக் கேள்விப்படுகிறோம். இது எடைக்கல்லில் ஈயத்தைக் குடைவதற்கு ஒப்பானது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மக்களைத் திசைதிருப்பும் விளம்பரத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் ஐம்பது இலட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திற்கு அதிகாரம் உண்டு. பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு ஒரு கடையைப் புகழ்ந்து படம் போடுகிறவர், தாம் பெற்றதை வெளிப்படையாகச் சொல்லவும் வேண்டும்.

குறை சொல்லி எழுதுபவருக்கு எப்படிப் பதில் சொல்வது? கடைக்குள் அவர் நின்று சொன்னால் எப்படிச் சொல்வோமோ அப்படியே. அந்த ஒற்றை நட்சத்திரக் குடும்பத்திற்கு நாங்கள் எழுதிய பதில் இரண்டே வரி: தவறு எங்களுடையது, நேரத்தைத் திருத்திவிட்டோம். அவர்கள் நட்சத்திரத்தை மாற்றவில்லை. ஆனால் அந்தப் பதிலைப் படித்துவிட்டு வந்ததாகப் பின்னர் வேறு இருவர் எங்களிடம் சொன்னார்கள்.

ஏமாறாமல் இருக்க

சில எச்சரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பணம் அனுப்பியதாக வாடிக்கையாளர் காட்டும் படத்தை நம்பிச் சரக்கைக் கொடுத்துவிடாதீர்கள். வங்கிக் கணக்கில் வரவு வந்ததா என்று பாருங்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் தேவையே இல்லை, கேட்பவர் திருடர். வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க இரண்டடுக்குப் பாதுகாப்பை இன்றே அமையுங்கள். குறுஞ்செய்தியில் வரும் எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். முந்தினால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

வீட்டிலிருந்து தொழில் செய்யும் சகோதரிகளுக்கு

இந்த ஊடகங்களால் மிகுந்த நன்மை பெறக்கூடியவர்கள் வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்கள். வட்டலப்பம், தொதல், ஊறுகாய், மசாலாப்பொடி, தையல், பூவேலை எனக் கைத்திறன் நிறைந்தவர்கள் நம் தெருக்களில் எத்தனையோ பேர். கடை வாடகை இல்லாமல் வாடிக்கையாளரை அடையும் வழி அவர்களுக்கு இன்றைக்குத்தான் திறந்திருக்கிறது. அவர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். வணிகத்திற்குத் தனி எண் வைத்துக்கொள்ளுங்கள். குடும்ப எண்ணை வெளியில் கொடுக்க வேண்டாம். உணவு விற்பவர் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு பெற்று, அதன் பதினான்கு இலக்க எண்ணைப் பொட்டலத்தில் அச்சிடுங்கள். அறியாத ஊரினரும் நம்பி வாங்க அது உதவும். வாடிக்கையாளரின் படத்தையும் குழந்தைகளின் படத்தையும் அவர்கள் இசைவின்றிப் போடாதீர்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் வரும் விசாரணைக்குக் காலையில் பதில் சொன்னால் போதும். அதனால் எந்த நல்ல வாடிக்கையாளரும் போய்விடமாட்டார்.

ஜமாஅத்திற்கு ஒரு வேண்டுகோள்

நிர்வாகக் குழுவினரிடம் ஒன்றைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். நம் இளைஞர்களில் இந்தக் கலையறிந்த ஐந்து பேரைத் தேர்ந்து, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் ஜமாஅத் அலுவலகத்தில் அமரச் செய்யுங்கள். வரும் கடைக்காரருக்கு வரைபடத்தில் இடம் பதிந்து கொடுக்கட்டும். வாட்ஸ்அப்பில் பட்டியல் அமைத்துக் கொடுக்கட்டும். கடவுச்சொல்லைக் கடைக்காரரே வைத்துக்கொள்ளட்டும். முதியவர் நடத்தும் சிறு பெட்டிக்கடைகளுக்கும், கணவரை இழந்து தொழில் நடத்தும் சகோதரிகளுக்கும் முதலிடம் தரப்பட வேண்டும். அடுத்த ஆண்டறிக்கையில், எத்தனை கடைகள் பதியப்பட்டன என்ற எண்ணிக்கை ஒரு வரியாகவேனும் இடம்பெறட்டும்.

நிறைவாக, அந்த ஆசிரியையைப் பற்றி. சென்ற ஆண்டு அவருக்கு வாட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி அனுப்பினோம். படம் எங்களுடையதன்று, விளக்கின்மேல் பழி போட்டதும் தவறு என்று உள்ளபடி எழுதினோம். இரண்டு நீலக்குறிகள் விழுந்தன. பதில் வரவில்லை. அவருக்கு இளைய மகள் ஒருத்தி இருக்கிறாள் என்பது எங்கள் நோட்டில் இருக்கிறது. வருவாரா, வரமாட்டாரா என்று தெரியாது. வந்தால் காட்டுவதற்கு, வாசல் வெளிச்சத்தில் எடுத்த படமும் அதே நிறத்தில் புடவையும் எங்கள் கடையில் இருக்கும்.